பம்பரில் ஒட்டிய கனகாம்பரம்

போன வியாழக்கிழமை பல்லடம் ரோட்டில் அரை மணி நேரம் நின்றேன். நான் மட்டும் இல்லை. பஸ், லாரி, மொபெட், இளநீர் வண்டி... எல்லாம்தான். எதிரே காற்றாடி இறக்கை ஒன்று வந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் தாராபுரம் வரைக்கும் காட்டுக்குக் காடு வெள்ளையாக நிற்குமே, கரண்ட் எடுக்கிற ராட்சசக் காற்றாடி — அதன் ஒற்றை இறக்கை. அதைச் சுமந்த வண்டியின் முன்பக்கம் என்னைத் தாண்டிப் போய், பின்பக்கம் வந்து சேருவதற்குள் பக்கத்து பஸ்ஸில் ஓர் அம்மா முழு வெள்ளரிக்காயைத் தின்று முடித்துவிட்டார். அவ்வளவு நீளம்.

நான் பார்த்தது இறக்கையை இல்லை. அதற்கு முன்னால் நடந்து வந்த இரண்டு பேரை. கையில் சிவப்புத் துணி, ஆளுக்கு ஓர் ஓரம். திருப்பம் வந்தால் முன்னால் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். மொபெட்காரரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். திரும்பி டிரைவருக்குக் கை காட்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் வண்டி நகர்கிறது. ரோட்டிலேயே பெரிய வண்டி அதுதான், ரோட்டிலேயே மெதுவாகப் போன வண்டியும் அதுதான்.

தன் கண்ணுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்று அந்த வண்டிக்குத் தெரிந்திருக்கிறது. என் வண்டிக்குத் தெரியவில்லை. அதாவது... எனக்கு.

ஒரு வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதாமல் தள்ளிப்போட்டுவந்த விஷயம் ஒன்று உண்டு. வறுத்த கடலை முதல் எதிர்வீட்டு நாய் வரைக்கும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் மறைத்தேன். அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்த பிறகு இனிமேலும் மறைக்க முடியாது போலிருக்கிறது.

பழைய வாசகர்களுக்கு என் சின்னக் காரை ஞாபகம் இருக்கும். அதைப் பற்றி நாலைந்து வாரம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். எந்தச் சந்திலும் நுழையும். இரண்டு மொபெட் நிற்கிற இடம் இருந்தால் அதுவும் நின்றுகொள்ளும். யாரையும் மிரட்டாது. சோப்பு டப்பா என்பார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பொங்கலூரில் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வெளியே தைத்து வருகிற பனியனைச் சரிபார்த்து, அயர்ன் போட்டு, மடித்து, பெட்டி கட்டி அனுப்புகிற யூனிட். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். இருப்பது ஒரு குறுகலான சந்து. பாதி நாள் நானும் அங்கேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் பஞ்சு லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பிரேக் பிடிக்கவில்லையோ, என் சோப்பு டப்பா டிரைவர் கண்ணிலேயே படவில்லையோ... கார் பள்ளத்தில் கிடந்தது. எனக்குத் தோள் எலும்பில் விரிசல், நெற்றியில் நாலு தையல். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சொல்கிறேன். இவர் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் இவர் முதலில் பார்த்தது காரை. என்னை அதற்கப்புறம்தான் பார்த்தார். பின் சீட் இருந்த இடத்தில் பின் சீட் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வந்து சேருகிற வரைக்கும் என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வந்தவர் கட்டில் பக்கத்தில் நின்று என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் ட்ரிப்ஸ். பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது அதுதான்.

தோள் கூடி மூன்றாம் மாதம் வாசலில் வந்து நின்றது புது வண்டி. வெள்ளை நிறம். பக்கத்தில் போய் நின்றால் பானெட் என் கழுத்துக்குக் கொஞ்சம்தான் கீழே. என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏறுவதென்றால் முதலில் ஒரு கால், அப்புறம் ஒரு முருகா, அப்புறம் இன்னொரு கால்.

“இதுக்குள்ள உக்காந்துட்டா லாரிக்காரனே நம்மளப் பாத்து ஒதுங்கோணும் அம்மிணி” என்றார் இவர். வாங்கி வந்தது வண்டி இல்லை, எனக்கு ஒரு கோட்டை.

உயரத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அது தனி உலகம். நேற்றுவரை மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு போனவள், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு போனேன். என் ஜன்னலுக்கும் லாரி டயருக்கும் இருந்த பழைய சிநேகம் முறிந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்தபோது நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, பிடித்திருந்தது. விபத்துக்குப் பிறகு பின்னால் லாரி ஹாரன் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அது நின்றுபோனது. அதற்காகவே இவருக்கு ஒரு கோயில் கட்டலாம்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. சின்னக் காரில் நான் ஹாரன் அடித்தால், கொஞ்சம் வழி விடுங்களேன் என்று அர்த்தம். பெரிய வண்டியிலும் அதே நான்தான், அதே கட்டைவிரல்தான் — ஆனால் இன்னுமா நகரவில்லை என்று அர்த்தமாகிவிட்டது. மொபெட்டுகள் தாமாகவே ஒதுங்கின. ஒதுங்காதவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உட்காருகிற இடம் இரண்டடி உயர்ந்தால் மனுஷிக்குக் குரலும் உயருமா? எப்போது இப்படி ஆனேன் என்று எனக்கே தெரியாது.

திருப்பூர் மொபெட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒரு தலை. பின்னாலிருந்து பார்த்தால் அந்தத் தலையும் இல்லை, மூட்டை தானாகப் போகும். துணி வெட்டுகிற இடத்திலிருந்து தைக்கிற இடத்துக்கு, அங்கிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு. வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிற பனியன் எல்லாம் எங்களூரில் முதலில் மொபெட்டில்தான் போகிறது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

காலை பதினொரு மணி. கரண்ட் இல்லை. கரண்ட் கட் உச்சத்தில் இருந்த சமயம் அது. சந்தில் கம்பெனிக்குக் கம்பெனி ஜெனரேட்டர் ஓடும், பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டியில் ஏறினேன். இந்தப் பக்கத்துக்கான கட்டுரையைக் கூரியரில் போட வேண்டும். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். கண்ணாடியிலும் பார்த்தேன். எதிரே சந்து காலி. கியர் போட்டேன்.

வண்டி ஓரடிதான் நகர்ந்திருக்கும். வாட்ச்மேன் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடி வந்தார். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

இறங்கி முன்பக்கம் போனேன். தரை முழுக்க வெள்ளை பனியன்கள். கைக்குழந்தைகள் போடுகிற அளவு. நடுவில் அமலி குந்தியிருந்தாள், மடியில் பத்துப் பதினைந்து பனியனை அள்ளி வைத்துக்கொண்டு.

அமலி எங்கள் செக்கிங் டேபிளில் ஏழு வருஷமாக இருப்பவள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள் புருஷனும் எங்களிடமே அயர்னிங்கில் இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம். அவள் கண்ணுக்குத் தப்பிய ஊசி ஓட்டை இதுவரை கப்பல் ஏறியதில்லை.

நடந்தது இதுதான். தையலிலிருந்து மொபெட்டில் வந்த மூட்டையின் கயிறு அறுந்து, சரியாக என் வண்டிக்கு முன்னால் கொட்டியிருக்கிறது. கொட்டியது தெரியாமலே மொபெட் உள்ளே போய்விட்டது. கேட் பக்கம் வந்த அமலி பார்த்திருக்கிறாள், ஓடி வந்து குந்தியிருக்கிறாள். வெள்ளைத் துணி தரையில் கிடந்தால் செக்கிங் பெண்களுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. மண் பட்டால் கறை, கறை பட்டால் டேமேஜ். முன்னால் நிற்கிற வண்டியில் ஆள் ஏறியதையா பார்ப்பாள்? அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் அது ஸ்டார்ட் ஆனது எப்படிக் கேட்கும்?

அவள் கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு பூ என் பம்பரில் ஒட்டியிருந்தது.

அந்த நிமிஷத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதைத்தான் ஒரு வருஷமாக எழுத முடியவில்லை.

“உனக்குக் கண்ணு தெரியலையா? வண்டிக்கு முன்னால வந்தா உக்காருவே?” என்று கத்தினேன்.

கண் தெரியாதது யாருக்கு?

அமலி எழுந்தாள். பனியன்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதில் இரண்டு பனியன் மறுபடி கீழே விழுந்தது. “மன்னிச்சிருங்கக்கா” என்றாள். “பீஸு அழுக்காயிருமேன்னு...”

கொல்லப் பார்த்தவளிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டும் நின்றேன்.

அன்றைக்குக் கூரியர் போகவில்லை. ஆசிரியர் போன் செய்தபோது காய்ச்சல் என்றேன். போன வருஷம் ஒரு வாரம் இந்தப் பக்கம் வராததற்கு அதுதான் காரணம். உடம்பை விசாரித்துக் கடிதம் போட்ட அத்தனை பேரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று சொல்லி இவரையே வண்டி ஓட்டச் சொன்னேன். நடந்ததைச் சொல்லவில்லை. வாட்ச்மேன் அண்ணனிடமும் அமலியிடமும், சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? இவர் நல்லவர்தான். ஆனால் என் விஷயத்தில் பயந்துபோன மனுஷர். பயந்தவர்கள் நியாயம் பார்ப்பதில்லை. நான் கேட்ட அதே கேள்வியைத்தான் இவரும் கேட்பார் — அவளை யார் அங்கே போய் உட்காரச் சொன்னது என்று. நான் கேட்டால் அது கத்தல். முதலாளி கேட்டால் அது வேலைக்கே ஆபத்து. அமலிக்கும் அவள் புருஷனுக்கும் இரண்டு சம்பளமும் இந்த ஒரே கேட்டுக்குள்தான் வருகிறது. என் வாயால் அதைக் கெடுப்பதா?

மறுநாள் காலையில் வண்டியில் ஏறி சாவியைப் போட்டேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ குந்தியிருக்கிறார்கள். இறங்கிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஏறினேன். மறுபடி இருக்கிறார்கள். நாலாவது தடவை இறங்கியபோது அப்படியே நடந்துபோய் பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் பஸ் என்று இவர் கேட்டார். முதுகு வலி என்றேன். அடுத்த நாள் சீட்டில் ஒரு குஷன் இருந்தது. கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கிறது என்றேன். மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்து கிளட்ச்சை இலேசாக்கி வைத்தார். ஏறி இறங்கச் சிரமமாக இருக்கிறது என்றேன். லேத் பட்டறையில் சொல்லி என் கால் அளவுக்கு ஒரு படி செய்து மாட்டினார். நான் ஒரு பொய் சொன்னால் இவர் அதற்கு ஒரு பரிகாரம் செய்தார். பொய் தீர்ந்துபோய் நான்தான் முழித்தேன்.

ஒருநாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “உனக்கு இது புடிக்கவே இல்லதானே அம்மிணி?” கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். இவர் பாட்டுக்குத் துணியைப் பிழிந்துகொண்டு கேட்டார். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை.

பத்து நாள் ஆகியிருக்கும். டீ நேரத்தில் அமலி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பஸ்ஸில் வருவது அவளால்தானா என்று கேட்டாள். உன்னால் இல்லை, என்னால் என்றேன். அந்த வண்டியில் ஏறினாலே எதிரே நீ உட்கார்ந்திருக்கிறாய், நான் என்ன செய்ய என்றேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீயை ஊதினாள். யோசித்தாள்.

“பீஸுல டேமேஜ் இருந்தா என்னக்கா செய்வோம்? மொத்த லாட்டையுமா தூக்கிப் போடுவோம்? எங்க இருக்குன்னு பாத்து அம்பு ஒட்டுவோம்லா?”

செக்கிங் டேபிளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அதில் வரிசையாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், விரல் நகம் அளவு. பனியனில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, எது கண்ணில் பட்டாலும் அதைக் காட்டி ஓர் அம்பை ஒட்டிவிடுவார்கள். அடுத்து வருகிறவர் தேட வேண்டியதில்லை, சரி செய்தால் போதும்.

வண்டிக்கு அம்பா என்றேன். பனியனையே அவ்வளவு பார்க்கிறோம், ஆளை ஏற்றுகிற வண்டியைப் பார்க்க வேண்டாமா என்றாள். சரிதானே?

இரண்டு நாள் கழித்து, கணியூரில் ஒரு துக்க வீட்டுக்கு இவர் விடியக்காலையிலேயே பஸ் பிடித்துக் கிளம்பிப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பொங்கலூரிலிருந்து திருப்பூருக்கு மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மதியச் சாப்பாட்டு நேரம். வண்டியை காம்பவுண்டுக்குள் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். செக்கிங் பெண்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அமலி முன்னால் போய்க் குந்தினாள்.

“தெரியுதாக்கா?”

குரல் கேட்டது. ஆள் இல்லை. தெரியலை என்றேன். பம்பரில் ஓர் அம்பு. அப்படியே குந்தினபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தாள். தெரியலை... தெரியலை... அப்புறம் அவள் உச்சந்தலை தெரிந்தது. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து அளந்தாள். ஐந்தடிக்கும் மேல். அந்த ஐந்தடியில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம், எனக்குத் தெரியாது.

அடுத்தது இடது பக்கம். மூன்று பேர் டிபன் பாக்ஸோடு கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் தெரியவில்லை. மூன்று அம்பு. முன் கண்ணாடிக்கு ஓரத்தில் கையகலத்தில் ஒரு தூண் இருக்கிறதே, அதற்கு நேராக ஒருத்தி போய் நின்றாள். நின்றுகொண்டிருந்தவள்கூட முழுசாகக் காணாமல் போனாள். பின்பக்கம் அட்டைப் பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இடுப்பு உயரம் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் வெறும் கேட்தான். அம்பு, அம்பு, அம்பு.

போகப் போக அவர்களுக்கே அது விளையாட்டாகிவிட்டது. என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா என்று மாற்றி மாற்றி ஒளிந்தார்கள். ஒரே சிரிப்பு. நானும் பத்து நாளுக்கு அப்புறம் சிரித்தேன். வெள்ளை வண்டி அம்மை போட்டது மாதிரி நின்றது.

அப்போதுதான் கேட் திறந்தது. துக்க வீட்டிலிருந்து இவர் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

சிரிப்பு நின்றது. இவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓர் அம்பைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அறுந்த கயிறு, வாட்ச்மேன் அண்ணன், பம்பரில் ஒட்டிய பூ, நான் கத்தியது, முதுகு வலி, முட்டி வலி... ஒரே மூச்சில்.

இவர் கடைசிவரை கேட்டார். பிறகு அமலி பக்கம் திரும்பினார். “வண்டிக்கு முன்னால போயி ஏன் உக்காந்தே நீயி?”

நான் பயந்த அதே கேள்வி. அமலி தலையைக் குனிந்துகொண்டாள். அயர்னிங் டேபிளிலிருந்து அவள் புருஷன் வாசலுக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க, நீங்க ஏறி உக்காருங்க” என்றேன்.

“எதுக்கு?”

“உக்காருங்க, சொல்றேன்.”

ஏறினார். என்னைவிட ஓரடி உயரம் இவர். எனக்குத் தெரியாதது இவருக்குத் தெரியலாம் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. டேபிளிலிருந்து ஒரு குழந்தை பனியனை எடுத்து பம்பருக்கு முன்னால் தரையில் போட்டேன். அதை எடுக்கிற மாதிரி அமலி குந்திய இடத்திலேயே குந்தினேன்.

மேலே சீட் கிறீச்சிட்டது, எட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது.

“அம்மிணி?”

நான் பனியனைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன்.

“அம்மிணி... எங்க போனே?”

“இங்கதாங்க இருக்கேன்.”

“எங்க?”

இந்த ‘எங்க’ வேறு மாதிரி இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சேவூர் ரோட்டில் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றபோது இப்படித்தான் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை என்றேன் இல்லையா? கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

கதவு திறந்தது. படியில் கால் வைக்காமலே குதித்தார். முன்னால் வந்தவர் என்னைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், ஐந்தடிக்கு அந்தப் பக்கம் இருந்த கோட்டைப் பார்த்தார். மெதுவாக என் பக்கத்தில் குந்தி அந்தக் குட்டி பனியனை எடுத்து மண்ணைத் தட்டினார்.

“உள்ள உக்கார வெச்சுப்போட்டா நீ பத்திரம்னு நெனச்சுப்போட்டேன்” என்றார்.

பிறகு, “என்ன பூ அது?” என்று கேட்டார்.

கனகாம்பரம் என்றேன். எழுந்து வண்டிக்குள் கையை விட்டார். டேஷ்போர்டில் இருக்கிற குட்டிப் பிள்ளையார் காலடியிலிருந்து ஒரு சருகை எடுத்து வந்தார். உற்றுப் பார்த்தால் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் மிச்சம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது பம்பரில் பார்த்திருக்கிறார். நான் பூஜை செய்து வைத்த பூ என்று நினைத்து, உதிர்ந்துவிடக் கூடாதே என்று எடுத்துச் சாமியிடம் வைத்திருக்கிறார். பத்து நாளுக்கு மேலாகத் தினமும் வண்டியைத் துடைத்துவிட்டு அதைக் கும்பிட்டிருக்கிறார்.

அதை அமலியிடம் நீட்டினார். “தப்பு உன்மேல இல்ல கண்ணு” என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற அவள் புருஷன் அயர்ன் பாக்ஸை அணைக்க மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்து உள்ளே ஓடினார். ஒரு டீ-ஷர்ட் போயிற்று. அதற்கும் ஓர் அம்பு ஒட்டினார்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. லாரி இன்னும் அதே ரோட்டில்தானே ஓடுகிறது? என் உள்ளங்கையும் அதே கைதானே? பெரிய வண்டிக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்பு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் யாரும் எப்போதும் உள்ளேயே இருப்பதில்லை. இறங்கினால் நானும் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அடுத்த பெரிய வண்டிக்காரர் கண்ணில் நான் பட வேண்டுமே.

இவர் முன்பக்க ஓரத்தில், லாரிக்கு இருப்பது மாதிரி, ஓர் உருண்டைக் கண்ணாடி மாட்டினார். அழகாக இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள், இருக்கட்டும் என்றார். வண்டி நிறுத்துகிற இடத்தைக் கேட்டிலிருந்து தள்ளி வைத்தார். சந்துக்குள் நான் வண்டி எடுத்தால் முதலாளி முன்னால் நடந்து வருவார். நான் வண்டியில் ஏறுமுன் ஒரு சுற்று சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அக்கா பிரதட்சணம் பண்ணுது என்று சந்தில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

அம்புகள் எல்லாம் அடுத்த இரண்டு மழையில் உதிர்ந்துவிட்டன. ஒன்றைத் தவிர. அது வண்டிக்குள்ளே, பிள்ளையாருக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் இருக்கிறது. அன்றைய கலவரத்தில் யார் ஒட்டியது என்று தெரியவில்லை. அமலியைக் கேட்டால் ஃபேனைப் பார்க்கிறாள். அதன் முனை டிரைவர் சீட்டைப் பார்க்கிறது.

நேற்று வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். உள்ளே துடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, “ஏனுங்கக்கா, இங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கெடக்குதுங்க. எடுத்துப்போடட்டுங்களா?” என்று கேட்டார்.

“வேண்டாங்க. டேமேஜ் இன்னும் தெனமும் அந்த சீட்டுலதான் வந்து உக்காருது” என்றேன்.